ஒக்டோபஸ் முட்டையிட்டால் என்ன செய்வது? – ஒரு தகப்பனின் அனுபவக் குறிப்பு

"அத்தான், கணவாயைக் கறி வைக்கிறது எண்டால் தெரியும். வளர்க்கிறது எண்டால் என்ன?"

எங்கள் வீட்டு நிலக்கீழ் அறையில் ஒரு ஒக்டோபஸ் வளர்கிறது என்று கேள்விப்பட்ட என் மைத்துனர் தொலைபேசியில் கேட்ட கேள்வி இது. ஊரில் கரையோரத்தில் பேய்க்கணவாய் என்று சொல்வார்களே, அதுதான். அவருக்கு அன்று சரியான பதில் சொல்ல எனக்கும் தெரியவில்லை. நான் கணக்காளன். மீன்தொட்டிக்கும் எனக்கும் இருந்த ஒரே தொடர்பு, ரொறன்ரோவில் மீன்தொட்டிக் கடை நடத்தும் ஒருவருடைய வரிக் கணக்கை வருடாவருடம் நான் பார்த்துக் கொடுப்பதுதான்.

இப்போது இதை எழுதுவதற்குக் காரணம் உண்டு. கைத்தொலைபேசியில் ஒக்டோபஸ் காணொளிகளைப் பார்த்துவிட்டு "எங்களுக்கும் ஒன்று வேண்டும்" என்று கேட்கும் பிள்ளைகள் எங்கள் குடும்பங்களிலும் இருக்கிறார்கள். கடைக்காரர் விலையைச் சொல்வார், தொட்டியின் அளவைச் சொல்வார். கடைசி மூன்று நான்கு மாதங்கள் எப்படி இருக்கும் என்பதை யாரும் விளக்கமாகச் சொல்வதில்லை. எனக்கு ஒரு வசனத்தில் சொன்னார்கள். அந்த வசனத்தை நான் என் மகளிடம் சொல்லவில்லை. அதனால் வந்த கரைச்சலும் இந்தக் கட்டுரையில் வரும்.

நீலா வந்த கதை

மகளுக்கு அப்போது 12 வயது. நாய் வேண்டாம், பூனை வேண்டாம், ஒக்டோபஸ்தான் வேண்டும் என்று இரண்டு வருடம் விடாமல் கேட்டாள். கடைசியில் கடைக்காரரிடம் விசாரித்தேன். அவர் சொன்னது கலிபோர்னியா இருபுள்ளி ஒக்டோபஸ். ஒவ்வொரு கண்ணுக்குக் கீழும் நீல வளையமிட்ட ஒரு பொய்க்கண் இருக்கும். உடல் ஒரு மாம்பழம் அளவு. வீட்டுத் தொட்டியில் வளர்க்கக்கூடிய ஒருசில இனங்களில் இதுவும் ஒன்று. பெயரில் மயங்க வேண்டாம்: நீலவளைய ஒக்டோபஸ் என்பது வேறு. அதன் கடி மனிதரைக் கொல்லும் நஞ்சுடையது. அதை யார் விற்றாலும் வாங்கக்கூடாது.

விலங்கின் விலை பெரிதல்ல. தொட்டிதான் செலவு. குறைந்தது 200 லீற்றர் தொட்டி, வலுவான வடிகட்டி, பூட்டக்கூடிய மூடி வேண்டும். எலும்பில்லாத உடம்பு என்பதால் அதன் சொண்டு நுழையும் ஓட்டைக்குள்ளால் முழு உடம்பும் வெளியே வந்துவிடும். கடல்நீரின் உவர்ப்பு, அதாவது ஆயிரத்துக்கு 35 பங்கு உப்பு, மாறாமல் இருக்க வேண்டும். இந்த இனத்துக்கு நீர் 18 முதல் 20 பாகை செல்சியஸ் வரை இருந்தால் நல்லது. எங்கள் நிலக்கீழ் அறை குளிர்காலத்தில் அதற்குத் தோதாக இருந்தது. கோடையில் நீரைக் குளிரூட்டும் கருவி வேண்டும். தொட்டியை நிரப்பி, கழிவை உடைக்கும் பக்டீரியாக்கள் பெருகுவதற்குக் குறைந்தது மூன்று மாதம் விட்ட பிறகே விலங்கைக் கொண்டுவர வேண்டும்.

செம்பு ஆகவே ஆகாது. ஒக்டோபஸின் இரத்தம் நீல நிறம். எங்கள் இரத்தத்தில் இரும்பு செய்யும் வேலையை அதில் செம்பு செய்கிறது. ஆனால் அதே செம்பு நீரில் கலந்தால் சிறிதளவே அதைக் கொன்றுவிடும். செப்புக் குழாயில் வரும் நீரையோ, செம்பு சேர்ந்த மீன் மருந்தையோ பாவிக்கக்கூடாது.

புரட்டாதியில் அவள் வந்தாள். மகள் நீலா என்று பெயர் வைத்தாள். ஒரு கிழமைக்குள் மகளின் விரலைப் பிடித்து இழுத்து விளையாடத் தொடங்கினாள். நண்டு போட்ட போத்தலின் மூடியைத் திறந்தாள். நான் கீழே இறங்கினால் கண்ணாடிக்குக் கிட்ட வந்து நிற்பாள். வீட்டில் என்னை வரவேற்க ஒரு ஆள் கிடைத்தது என்று மனைவி பகிடி பண்ணினார்.

வாங்கிய அன்று கடைக்காரர் என்னைத் தனியே கூப்பிட்டுச் சொன்னது இதுதான்: "இது பெண். வளர்ந்த பெண். முட்டையிட்டால் அதோடு முடிந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்." இந்த இனத்தின் முழு ஆயுளே ஒன்று முதல் இரண்டு வருடம். மகள் அப்போது கடையில் சங்கு பொறுக்கிக்கொண்டிருந்தாள். சந்தோசமான நாளில் ஏன் சொல்ல வேண்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

முட்டைகள்

தை மாதத்தில் ஒருநாள் நீலா தன் பானைக்குள் போனாள். வெளியே வரவில்லை. வாசலைச் சங்குகளாலும் கற்களாலும் அடைத்துக்கொண்டாள். மூன்றாம் நாள் சிவப்பு விளக்கில் பார்த்தபோது பானையின் மேற்சுவரில் வெள்ளையாக, அரிசியைவிடப் பெரிய மணிகள் தொங்கின. ஒக்டோபஸின் கண்ணுக்குச் சிவப்பு ஒளி அதிகம் உறைக்காது. அதனால் அடைகாக்கும் தாயைப் பார்க்க அதுதான் நல்லது.

மகள் துள்ளினாள். நான் சிரித்தேன். எனக்கு வயிறு கலங்கியது.

முட்டையிட்ட முதல் நாட்களில் பெண் ஒக்டோபஸ் கைக்கெட்டும் தூரத்தில் நண்டு வந்தால் பிடித்துத் தின்னும். ஆனால் முட்டையை விட்டுப் போய் வேட்டையாடாது. பிறகு வாசலில் வைத்தாலும் தொடாது. முழுநேரமும் இரண்டு வேலைதான். ஒன்று, உறிஞ்சிகளால் முட்டைகளைத் தடவித் துப்பரவாக்குவது. மற்றது, உடம்பில் உள்ள புனல்போன்ற குழாயால் முட்டைகளின்மேல் நீரை ஊதி ஒட்சிசன் கிடைக்கச் செய்வது. இந்த இரண்டும் நின்றால் முட்டைகளில் பூஞ்சணம் பிடித்துவிடும்.

"அப்பா, அவ ஏன் ஒண்டும் சாப்பிடுறா இல்லை? சுகமில்லையோ?"

மகள் உயிருள்ள இறாலைக் கொடுத்துப் பார்த்தாள். உடைத்த மட்டியைக் குச்சியில் வைத்து நீட்டிப் பார்த்தாள். நீலா ஒரு கையால் அதைத் தள்ளிவிட்டாள். வெளியே தள்ளும் அந்த ஒரு அசைவைத் தவிர எங்களை அவள் கவனிக்கவேயில்லை.

ஏன் சாப்பிடுவதில்லை?

"பெற்ற தாயின் மனம் அப்படித்தான்" என்றார் மனைவி. எங்களில் பலர் அப்படித்தான் சொல்வோம். ஆனால் காரணம் கண்களுக்கு நடுவே, மூளையோடு ஒட்டியிருக்கும் இரண்டு சிறு சுரப்பிகளில் இருக்கிறது. 1977 இல் அமெரிக்காவின் பிரண்டைஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜெரோம் வொடின்ஸ்கி என்ற உளவியல் ஆய்வாளர், முட்டையிட்ட கரிபியன் ஒக்டோபஸ்களில் இந்தச் சுரப்பிகளை அகற்றிப் பார்த்தார். அவை முட்டைகளைக் கைவிட்டன. மீண்டும் சாப்பிடத் தொடங்கின. உடல் தேறின. மற்றவை இறந்த பின்னரும் மாதக்கணக்கில் வாழ்ந்தன.

அந்தச் சுரப்பியில் என்ன நடக்கிறது என்பதைச் சிக்காகோ பல்கலைக்கழகத்தில் யான் வாங், கிளிஃப்டன் ராக்ஸ்டேல் ஆகியோர் எங்கள் நீலாவின் இனத்திலேயே ஆராய்ந்தார்கள். 2022 இல் வெளிவந்த அவர்களது ஆய்வின்படி, அடைகாக்கும் காலத்தில் இந்தச் சுரப்பியின் கொலஸ்திரோல் வேதியியல் மாறுகிறது. கொலஸ்திரோலுக்கு முந்திய படியான ஒரு பொருள் அங்கே பெருகுகிறது. மனிதரில் இதே பொருள் மிகையாகும் ஒரு பிறவி நோய் உண்டு. அந்தக் குழந்தைகளிலும் தம்மைத் தாமே காயப்படுத்தும் போக்கு காணப்படுகிறது. கடைசி நாட்களில் ஒக்டோபஸ் தன் கை நுனிகளைத் தானே கடிப்பதை இதனோடு சேர்த்துப் பார்க்கிறார்கள்.

ஆண் ஒக்டோபஸும் தப்புவதில்லை. இணைசேர்ந்த பின் அதுவும் சாப்பாட்டைக் குறைத்து, தளர்ந்து, சில மாதங்களுக்குள் இறந்துவிடுகிறது. அதற்குக் காக்க முட்டை இல்லை. ஆகவே இதை வெறும் தாய்மைத் தியாகம் என்று சொல்லிவிட முடியாது. தியாகம் என்றால் வேறு வழியும் இருந்திருக்க வேண்டும். எல்லோருக்கும் பரிமாறிவிட்டு மிஞ்சிய சட்டியை வழித்துச் சாப்பிடும் எங்கள் அம்மாமாரை இதோடு ஒப்பிட்டு நாங்கள் உருகுவோம். அவர்களுக்கு அந்தச் சுரப்பி இல்லை. அவர்கள் சாப்பிடலாம். பக்கத்தில் இருந்து சாப்பிடச் சொல்லவேண்டியவர்கள் நாங்கள்.

இந்தக் காத்திருப்பு எவ்வளவு நீளும்? இருபுள்ளி ஒக்டோபஸுக்கு நீரின் வெப்பத்தைப் பொறுத்து இரண்டு மாதமளவில். நீர் குளிர்ந்தால் இன்னும் கூடும். கலிபோர்னியாவின் மொன்ரறே குடாவில் சுமார் 1,400 மீற்றர் ஆழத்தில், 3 பாகை குளிரில், ஒரு ஆழ்கடல் ஒக்டோபஸ் பாறையொன்றில் முட்டைகளை அணைத்தபடி இருப்பதை புரூஸ் ரொபிசன் தலைமையிலான ஆய்வாளர்கள் 2007 மே மாதத்தில் கண்டார்கள். 2011 செப்ரெம்பர் வரை 18 தடவை இயந்திரத்தை அனுப்பிப் பார்த்தார்கள். ஒவ்வொரு தடவையும் அதே தாய் அதே இடத்தில் இருந்தது. 53 மாதங்கள். அது சாப்பிட்டதை ஒருமுறையும் அவர்கள் காணவில்லை. இதை மகளுக்கு வாசித்துக் காட்டும்போது எனக்குள் வேறொரு கணக்கு ஓடியது. எங்கள் 2009 வந்து போனதும் அந்த 53 மாதங்களுக்குள்தான்.

நான் சொல்லாமல் விட்டது

மூன்றாம் கிழமை மகள் ஒரு திட்டத்தோடு வந்தாள். சிறிஞ்சியால் நீலாவின் வாய்க்குள் உணவைச் செலுத்தலாமா என்று கேட்டாள். இனியும் மறைக்க முடியாது என்று விளங்கியது. உட்காரவைத்துச் சொன்னேன். அவள் அழவில்லை. ஒரு கேள்விதான் கேட்டாள்.

"வாங்கேக்கையே உங்களுக்குத் தெரியுமோ?"

"ஓம்."

எழுந்து போய்விட்டாள். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

அந்த இரண்டு நாளும் எனக்கு என் அப்பாவின் நினைவுதான். நான் யாழ்ப்பாணத்தில் வணிகமாணிப் பட்டம் முடித்து, 1996 இல் கனடாவுக்கு அகதியாக வந்து சேர்ந்தேன். அப்பாவும் அம்மாவும் இடம்பெயர்ந்து வன்னியில், மல்லாவியில் இருந்தார்கள். 1997 இல் அப்பா காலமானார். வன்னியில் தொலைபேசி இல்லை. ஆனால் கொழும்பில் இருந்த சித்தப்பாவுக்கு நாலைந்து நாளில் செய்தி வந்துவிட்டது. அடுத்த மாதம் எனக்கு அகதி விசாரணை இருந்தது. பெடியன் குழம்பிவிடுவான், முடியட்டும் என்று எல்லோரும் சேர்ந்து மறைத்தார்கள். அந்தியேட்டி முடிந்த பிறகுதான் எனக்குச் சொன்னார்கள். அந்த 31 நாளுக்குள் நான் அப்பாவுக்கு இரண்டு கடிதம் எழுதியிருந்தேன். கண் ஆஸ்பத்திரிக்குப் போனீர்களா என்று கேட்டிருந்தேன்.

என் நன்மைக்காகத்தான் மறைத்தார்கள். அது எனக்குத் தெரியும். ஆனாலும் அந்த இரண்டு கடிதத்தையும் நான் இன்றுவரை மறக்கவில்லை. அதே வேலையை, அதே காரணம் சொல்லி, என் பிள்ளைக்கு நான் செய்திருக்கிறேன். ஒரு கணவாய்தானே என்று நீங்கள் சொல்லலாம். அவளுக்கு அது அவளுடைய முதல் சாவு.

மூன்றாம் நாள் நான் அப்பாவின் கதையை அவளுக்குச் சொன்னேன். அவள் அதுவரை கேட்டிராத கதை. நெடுநேரம் பேசாமல் இருந்துவிட்டு ஒரு கொப்பியை எடுத்து வந்தாள். "சரி, இனி என்ன செய்யவேணும்?" என்றாள்.

செய்ய வேண்டியவை

கொப்பியில் நாங்கள் எழுதிக்கொண்டவை இவை. உங்களுக்கும் உதவலாம்.

முதலாவது, உணவைக் கட்டாயப்படுத்தக்கூடாது. இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை சிறு துண்டு இறாலை வாசலில் காட்டலாம். தொடாவிட்டால் அன்றே எடுத்துவிட வேண்டும். உயிருள்ள நண்டைத் தொட்டிக்குள் விட்டு வைக்கவே கூடாது. தளர்ந்த தாயையும் முட்டைகளையும் நண்டு தின்னத் தொடங்கிவிடும்.

இரண்டாவது, நீர். தாய் சாப்பிடாவிட்டாலும் நீர் பழுதாகும். அமோனியாவும் நைத்திரைற்றும் பூச்சியமாக இருக்கிறதா என்று கிழமைக்கு இரண்டு முறை பார்க்க வேண்டும். கிழமைக்குப் பத்தில் ஒரு பங்கு நீரை, அதே வெப்பத்திலும் அதே உவர்ப்பிலும் மாற்ற வேண்டும். வெப்பத்தைத் திடீரென்று கூட்டவோ குறைக்கவோ கூடாது.

மூன்றாவது, அமைதி. பானையை நகர்த்தக்கூடாது. தொட்டியைத் தட்டக்கூடாது. ஒளியைக் குறைத்து வைக்க வேண்டும். வீட்டுக்கு வருபவர்களுக்குக் காட்சி காட்டுவதை நிறுத்த வேண்டும். என் மைத்துனர் இரண்டு முறை வந்து பார்க்காமலே திரும்பிப் போனார்.

நான்காவது, முட்டைகள் கருக்கட்டியவையா என்று பார்ப்பது. கருக்கட்டியிருந்தால் சில கிழமைகளில் முட்டைக்குள் இரண்டு கரும்புள்ளிகள் தெரியும். அவை குஞ்சின் கண்கள். பெண் ஒக்டோபஸ் ஆணின் விந்தை நெடுநாள் உடம்பில் சேமித்து வைத்திருக்கும். அதனால் தனியே வளரும் பெண்ணும் குஞ்சு பொரிக்கக்கூடும். 2024 இல் அமெரிக்காவின் ஒக்லஹோமாவில் ஒரு குடும்பம் தங்கள் மகனுக்காக வாங்கிய இதே இன ஒக்டோபஸ் எதிர்பாராமல் ஏறத்தாழ 50 குஞ்சு பொரித்து உலகச் செய்தியானது. இந்த இனத்தின் குஞ்சுகள் பிறந்தவுடனேயே தாயைப்போல ஊர்ந்து வேட்டையாடும். ஒன்றையொன்று தின்னும் என்பதால் தனித்தனிச் சிறு பெட்டிகளில் பிரித்து வைத்து, மிகச் சிறிய உயிருள்ள இறால்களைக் கொடுக்க வேண்டும். வடிகட்டியின் வாயைப் பஞ்சால் மூடாவிட்டால் அவை உள்ளே இழுபட்டுவிடும். அவ்வளவு முயற்சிக்குப் பிறகும் பல இறக்கும்.

எங்கள் முட்டைகளில் கண்கள் தெரியவேயில்லை. ஏழாம் கிழமை அவை மங்கி, சுருங்கத் தொடங்கின. வெற்று முட்டைகள்.

"அவவுக்குத் தெரியாதோ அப்பா?" என்று மகள் கேட்டாள். தெரியாது என்றேன். கருக்கட்டாத முட்டையையும் தாய் அதே கவனத்தோடுதான் காக்கும். முட்டைகளை எடுத்துவிட்டால் அவள் சாப்பிடுவாளா என்றும் யோசித்தோம். முட்டையை எடுத்தாலும் சுரப்பி தன் வேலையை நிறுத்தாது. அவளுக்கு இருந்த ஒரே வேலையையும் பறிப்பதாகத்தான் முடியும். விட்டுவிட்டோம். பழுதாகிய முட்டைகளை நீலாவே ஒவ்வொன்றாக உதிர்த்தாள். வெளியே விழுந்தவற்றை மட்டும் குழாயால் உறிஞ்சி எடுத்தோம்.

கடைசி நாட்கள்

முதுமை வந்ததை அடையாளம் காண்பது கடினமல்ல. நிறம் வெளிறும். கண்ணைச் சுற்றிய தோல் உள்வாங்கும். தோலில் வெள்ளைப் புண்கள் வரும், ஆறாது. பகலில் பானையை விட்டு வெளியே வந்து நோக்கமில்லாமல் அலையும். கைகள் சொன்னபடி கேட்காது. இவை நோய் என்று நினைத்து மருந்து ஊற்றத் தொடங்கினால் வேதனைதான் கூடும்.

ஒக்டோபஸுக்கு நோகுமா என்று கேட்பவர்களுக்கு: ஆய்வுக்கூட விலங்குகளுக்கான கனடாவின் நலன் விதிகளில் 1991 முதலே ஒக்டோபஸ் இனத்துக்கு இடம் உண்டு. பிரித்தானியா 2022 இல் அவற்றை உணர்வுள்ள விலங்குகளாகச் சட்டத்திலேயே ஏற்றுக்கொண்டது. ஆகவே முட்டையைக் கண்டவுடனேயே மீன், ஊர்வன போன்றவற்றைப் பார்க்கும் மிருக வைத்தியர் ஒருவரைத் தேடி வைத்துக்கொள்ளுங்கள். கை நுனிகளைக் கடிக்கத் தொடங்கினால், கடல்நீரில் மக்னீசியம் குளோரைட்டு கலந்து உணர்விழக்கச் செய்து முடித்துவைக்கும் முறை அவர்களிடம் உண்டு. நீங்களாக அளவு போட்டுச் செய்ய வேண்டாம். உயிரோடு குளிர்ப்பெட்டிக்குள் வைப்பது கொடுமை.

நீலாவுக்கு அது தேவைப்படவில்லை. சித்திரை முதற் கிழமையில் ஒருநாள் காலை பானைக்கு வெளியே, மணலில் கிடந்தாள். முதல்நாள் இரவு மகள் கையை நீருக்குள் வைத்தபோது ஒரு கையை மெதுவாக அதன்மேல் போட்டிருந்தாள். அது அன்பா, பழக்கமா என்று நான் சொல்ல மாட்டேன். மகள் கொப்பியில் நேரத்தை எழுதியிருந்தாள்: 9.40.

இறந்த உடலை உடனே எடுக்க வேண்டும். சில மணி நேரத்தில் தொட்டி நீர் முழுவதும் கெட்டுவிடும். பின்வளவில் வேலியோரம் நிலம் உறைவு விட்டிருந்தது. அங்கே புதைத்தோம். உள்ளே வரப்போன மகளை மனைவி வாசலில் மறித்து, "தோய்ஞ்சிட்டு வா" என்றார். செத்தவீட்டுக்குப் போய்வந்தவர்களுக்குச் சொல்வதுபோல. மகள் மறுபேச்சில்லாமல் குளிக்கப் போனாள்.

வாங்கலாமா?

கணக்கியலில் தொடர்ந்தியங்கும் எண்ணக்கரு என்று ஒன்று படித்தோம். ஒரு நிறுவனத்தின் கணக்கைத் தயாரிக்கும்போது அது இனியும் தொடர்ந்து நடக்கும் என்று கொள்வோம். அப்படி நடக்காது என்று தெரிந்தால் அதைக் கணக்கிலேயே வெளிப்படையாகச் சொல்லியாக வேண்டும். நான் எத்தனையோ பேருக்கு இதைச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். வீட்டில் செய்யவில்லை.

ஆகவே வாங்க நினைக்கும் பெற்றோருக்கு என் புத்திமதி ஒன்றுதான். கடைக்குப் போக முதலே பிள்ளையிடம் முழுவதையும் சொல்லுங்கள். ஒரு வருடம், கூடினால் இரண்டு. முட்டையிட்டால் சாப்பிடாது. நாங்கள் ஒன்றும் செய்து காப்பாற்ற முடியாது, ஆனால் நீரைச் சுத்தமாக வைத்துப் பக்கத்தில் இருக்கலாம். இதைக் கேட்ட பிறகும் வேண்டும் என்று சொல்லும் பிள்ளைக்கு வாங்கிக் கொடுங்கள். வேண்டாம் என்று சொன்னால் அதுவும் நல்ல முடிவுதான்.

தொட்டி இன்னும் நிலக்கீழ் அறையில் இருக்கிறது. வடிகட்டி ஓடுகிறது. இன்னொன்று வேண்டுமா என்று மகளிடம் கேட்டேன். "இப்ப வேண்டாம். வேணுமெண்டால் நானே சொல்லுறன்" என்றாள். போன மாதம் ஊரில் அம்மாவுக்குச் சுகமில்லை என்று செய்தி வந்தது. அன்று பின்னேரமே அதை அவளுக்குச் சொன்னேன்.